பெருநாளன்று திறக்காத கதவு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மூன்று ஆண்டுகளாக வேலை நிமித்தம் இஸ்தான்புல்லில் வசிக்கிறேன். நோன்புப் பெருநாளன்று, கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு இனிப்பு கொண்டுபோனேன். கதவு ஒரு சாண்தான் திறந்தது. அவருக்குப் பின்னால் கழுவிய தயிர் டப்பாக்களும் முடிச்சிட்ட பைகளும் தோளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. தட்டை வாங்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டபடியே கதவைச் சாத்திவிட்டார். குடியிருப்பில் உள்ளவர்கள் நகராட்சிக்குப் புகார் எழுதி, என்னிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். இது கஞ்சத்தனமா, நோயா? துருக்கியரிடம் இது அதிகமா?
— வாசகி, இஸ்தான்புல்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எதையும் எறிய முடியாமல் பொருள்களைக் குவித்து வைக்கும் இந்த நோய் எந்த நாட்டாருக்கும் தனிச்சொத்து அன்று. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 2 அல்லது 3 பேரிடம் காணப்படுகிறது. ஆனால், சேர்ப்பவர் தமக்குச் சொல்லிக்கொள்ளும் நியாயம் ஊருக்கு ஊர் மாறும். துருக்கியில் அந்த நியாயம் பெரும்பாலும் 'லாஸிம் ஒலுர்' என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிடும். 'தேவைப்படும்' என்று பொருள். வைக்கோலைச் சேர்த்து வை, அதற்கும் ஒரு காலம் வரும் என்பது அங்கே பாட்டிமார் வாயில் புழங்கும் பழமொழி. கீழே விழுந்த ரொட்டித் துண்டை எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, கால் படாத உயரத்தில் வைப்பார்கள். காய்ந்த ரொட்டியைக்கூடக் குப்பையோடு கலக்காமல் தனிப் பையில் கட்டித் தொட்டியின் பக்கத்தில் தொங்கவிடுவார்கள். 2019 ஜனவரியில் கடைப் பைக்கு 25 குருஷ் (கால் லிரா) விலை வைத்ததிலிருந்து, பைகளுக்கென்றே ஒரு பை தொங்கும் சமையலறைகளுக்கு இன்னொரு நியாயமும் கிடைத்துவிட்டது. இவை எதுவும் நோய் அல்ல, சிக்கனம்; விரயம் பாவம் என்று கற்ற சமூகத்தின் ஒழுக்கம்.

போர்க்காலமான 1942இல் ரொட்டிப் பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள் வளர்ந்து, 1970களின் இறுதியில் சமையல் எண்ணெய்க்கும் எரிவாயு உருளைக்கும் தாங்களே வரிசையில் நின்றார்கள். பிறகு பணவீக்கம் லிராவைத் தின்றது. 2005இல் நோட்டிலிருந்து ஆறு பூஜ்ஜியங்களை வெட்ட வேண்டியதாயிற்று. கையில் உள்ள பணம் கரையும், பொருள் கரையாது என்று அந்தத் தலைமுறை கற்றதில் வியப்பில்லை. ஆயினும் பஞ்சம் பார்த்ததால்தான் இப்படி ஆனார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே வரிசையில் நின்ற கோடிக்கணக்கானோர் இன்று வீட்டைத் துப்புரவாகத்தான் வைத்திருக்கிறார்கள். வறுமையைவிட, நெருங்கியவரின் மறைவு போன்ற அதிர்ச்சிகளோடும், இரத்த உறவினரிடம் இதே இயல்பு இருப்பதோடும்தான் இந்நோய்க்குத் தொடர்பு கூடுதலாகத் தெரிகிறது. பெரும்பாலும் இளம்வயதிலேயே தொடங்கி, பத்தாண்டுக்குப் பத்தாண்டு முற்றி, ஐம்பதைத் தாண்டிய பிறகே பிறர் கண்ணில் படுகிறது. நெடுங்காலம் எண்ணச் சுழல் நோயின் (OCD) கிளையாகக் கருதப்பட்டு, 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது.

சிக்கனம் எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்குகிறது என்பதற்கு, அடுப்பின் மேல் சமைக்க முடிகிறதா, கட்டிலில் படுக்க முடிகிறதா என்று பார்த்தாலே போதும். இன்னொரு அடையாளம், தூக்கிப்போடும்போது ஏற்படும் வேதனை. 'அத்மாயா கியாமியோரும்' என்பார்கள். எறிய மனம் வரவில்லை என்று பொருள். இதில் 'கியாமியோரும்' என்ற வினைச்சொல் சாதாரணமானதன்று. ஓர் உயிரைப் போக்குவதற்கும் அதே சொல்தான். தூங்கும் குழந்தையை எழுப்ப மனம் வராதபோதும் அதையே சொல்வார்கள். தயிர் டப்பாவுக்கு அந்தச் சொல் வருகிறது என்றால், அவர் கையில் இருப்பது வெறும் டப்பா இல்லை என்று புரிந்துகொள்ளலாம். கஞ்சன் தன் பொருளை எண்ணி மகிழ்வான். இவர் அதைப் பார்த்து வெட்கப்படுகிறார்.

அந்த வெட்கம்தான் துருக்கியில் எல்லாவற்றையும்விடக் கொடியது என்று நினைக்கிறேன். வீட்டின் சிறந்த அறையைப் பின்னல் விரிப்புகளோடு விருந்தினருக்கென்றே ஒதுக்கி வைத்து, சொல்லாமல் வந்தவரையும் 'கடவுளின் விருந்தாளி' என்று அழைக்கும் ஊர் அது. பெருநாளில் இளையவர்கள் வந்து கையை முத்தமிடுவார்கள். மூத்தவர் அவர்கள் உள்ளங்கையில் நறுமண நீர் ஊற்றி, மிட்டாய்த் தட்டை நீட்டுவார். அந்த நாளில் கதவை ஒரு சாணுக்கு மேல் திறக்க முடியாதவர் எவ்வளவு காலமாக உறவுகளைத் தட்டிக்கழித்து வந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

கையெழுத்துக்கு வருவோம். இத்தகைய வீட்டைச் செய்தித்தாள்கள் 'ச்சொப் எவ்', அதாவது குப்பை வீடு, என்று எழுதும். புகார் போனால் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி நகராட்சி ஆட்கள் முகக்கவசத்தோடு வருவார்கள், லாரி நிறையும், சில நேரம் கேமராவும் வரும். அக்கம்பக்கத்தார் நிம்மதியாக மூச்சுவிடுவார்கள். மாற்றம் எதுவும் நிகழாத அவருடைய மனமோ வீட்டை மறுபடி நிரப்பத் தொடங்கிவிடும். தீயும் எரிவாயுக் கசிவும் உண்மையான ஆபத்துகள்தாம் என்பதால் புகாரே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்பு அவருடைய உறவினர், உங்கள் பகுதியின் முக்தார் (தேர்ந்தெடுக்கப்பட்ட வட்டாரத் தலைவர்), அவருடைய குடும்ப மருத்துவர் ஆகியோரில் ஒருவரையாவது நாடுங்கள். அவரிடம் பேசினால் குப்பை என்ற சொல் வாயில் வர வேண்டாம். அடுப்பைச் சுற்றியும் வாசல்வரையிலும் மட்டும் வழி விடலாமா என்று கேளுங்கள். ஒவ்வொரு பொருளையும் அவரே கையில் எடுத்து, வைப்பதா விடுவதா என்று முடிவுசெய்யப் பழக்கும் பேச்சு சிகிச்சைதான் பயன் தருகிறது. அதற்கு மாதங்கள் ஆகும்.

கேள்வி: இத்தகையோரை 'டயோஜெனஸ்' நோயாளிகள் என்கிறார்களே, பொருத்தமா?
— வாசகர், மதுரை

பதில்: பெயர் வைத்தவர்களுக்குக் குறும்பு என்று நினைக்கத் தோன்றுகிறது. உடைமைகளைத் துறந்து வாழ்ந்த பண்டைக் கிரேக்கத் தத்துவஞானி டயோஜெனஸ் பிறந்தது இன்றைய துருக்கியின் சினோப் நகரில். ஒரு சிறுவன் கையால் நீர் அள்ளிக் குடிப்பதைக் கண்டு தம்மிடமிருந்த கோப்பையையும் எறிந்தவர் என்று கதை. முதுமையில் தம்மையே கவனிக்காமல் விட்டுவிடும் நிலைக்கு 1975இல் ஆங்கிலேய மருத்துவர்கள் சூட்டிய பெயர் அது. அதில் பொருள் சேர்ப்பது இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

கேள்வி: ஜெர்மனியின் கொலோன் நகரில் என் துருக்கிய நண்பரின் தந்தை, பெட்டி பிரிக்காத தையல் இயந்திரம் உட்பட ஊருக்குக் கொண்டுபோக வாங்கிய சாமான்களால் நிலவறையை நிரப்பிவிட்டார். அவர் கோடையில் ஊருக்குப் போகும்போது காலி செய்துவிடலாமா?
— வாசகர், கொலோன்

பதில்: வேண்டாம். துருக்கியத் தொழிலாளர்களை வரவழைக்க 1961 அக்டோபரில் செய்த ஒப்பந்தத்தின்பின் ஜெர்மனிக்கு வந்தவர்கள் 'கெஸின் தோனுஷ்', அதாவது நிரந்தரமாகத் திரும்புதல், என்ற ஒரே நம்பிக்கையில் வாழ்ந்தவர்கள். திரும்புவோருக்கு 10,500 மார்க் தருவதாக 1983இல் ஜெர்மனி சட்டமே இயற்றியும், பிள்ளைகளின் பள்ளிக்காக இன்னும் ஓர் ஆண்டு, இன்னும் ஓர் ஆண்டு என்று தங்கியவர்கள் பலர். அந்த நிலவறையில் பிரிக்காத பெட்டியில் உள்ள தையல் இயந்திரம் கட்டப்படாத ஒரு வீட்டுக்கானது. இல்லாத நேரத்தில் அதை எடுத்துவிட்டால் அவர் மகனை மன்னிக்க மாட்டார். மிச்சத்தைப் பூட்டி வைப்பார். இந்தக் கோடையில் வண்டியில் இடமிருந்தால், அந்த இயந்திரத்தை ஊருக்கு ஏற்றிப் போகலாமா என்று மகனே அவரைக் கேட்கட்டும்.