இரண்டு பட்டியல், ஒரே நட்சத்திரமா? டாப்கேட் கேள்வி பதில்

சென்னையிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன: மென்பொருள் ஜோடி சேர்த்துக் கொடுத்த இரண்டு வரிகளும் நிஜமாகவே ஒரே நட்சத்திரம்தானா? பதில்கள், நட்சத்திரப் பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்தும் டாப்கேட் மென்பொருளை வைத்து எழுதப்பட்டவை. அது ஜாவாவில் ஓடும், இலவசம். கோண அளவுக்கு விகலை என்று எழுதியிருப்பது ஆர்க் செகண்ட். ஒரு பாகையில் 3,600 விகலை. எல்லை என்பது, எவ்வளவு இடைவெளிக்குள் இருந்தால் ஜோடி என்று ஏற்பது. கையா டிஆர்3 விண்வெளித் தொலைநோக்கி தந்த பட்டியல், டூமாஸ் தரையிலிருந்து எடுத்த அகச்சிவப்புப் பட்டியல். ஆர்.ஏ., டெக் இரண்டும் வானத்தின் நெட்டாங்கு, அகலாங்கு போன்றவை.

கிண்டி, எம்.எஸ்சி. மாணவி: அக்கா, கார்த்திகைக் கூட்டத்துக்குக் கையா டிஆர்3 பட்டியலையும் டூமாஸ் பட்டியலையும் 1 விகலை எல்லையில் பொருத்தினேன். செப்பரேஷன் (ஜோடியின் இடைவெளி) நெடுவரிசைக்கு ஹிஸ்டோகிராம் போட்டால் இரண்டு மேடு தெரிகிறது: ஒன்று 0.1 விகலை அருகே, இன்னொன்று 0.8 அருகே. இரண்டு பட்டியலுமே ஜே2000 தானே?

ஹிஸ்டோகிராம் போட்டுப் பார்த்தீர்களே, அதுவே பாதி வேலை. இரண்டாவது மேடுதான் கார்த்திகைக் கூட்டம்.

ஜே2000 என்பது அச்சுகள் எந்தத் திசையில் நிற்கின்றன என்பதைச் சொல்கிறது. நட்சத்திரம் எந்தத் தேதியில் அந்த இடத்தில் இருந்தது என்பது எபோக், அது வேறு. கையா டிஆர்3 நிலைகள் 2016.0-க்கு உரியவை. டூமாஸ் வானத்தைப் படம்பிடித்தது 1997 முதல் 2001 வரை. இடையில் சுமார் 16 ஆண்டு. கார்த்திகை உறுப்பினர்களின் சுய நகர்வு ஆண்டுக்கு ஆர்.ஏ. திசையில் சுமார் +20, டெக் திசையில் சுமார் −45 மில்லி விகலை (விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சேர்த்துப் பார்த்தால் 50-க்குச் சற்றுக் குறைவு; 16 ஆண்டுக்கு 0.8 விகலை. பின்னணி நட்சத்திரங்கள் அவ்வளவு நகரவில்லை, அதனால் 0.1-இல் நின்றுவிட்டன. எல்லையை 0.5 விகலை என்று வைத்திருந்தால் தேடிப்போன கூட்டத்தையே தொலைத்துவிட்டு, பின்னணியை மட்டும் அழகாகப் பொருத்தியிருப்பீர்கள்.

சரிசெய்ய, கையா நிலையை 2000-க்குப் பின்னோக்கி நகர்த்துங்கள். டாப்கேட்டில் புது நெடுவரிசை சேர்த்து, டெக்கிலிருந்து 16 × டெக் நகர்வு ÷ 36,00,000 கழியுங்கள் (மில்லி விகலையைப் பாகையாக்கும் எண் அது). ஆர்.ஏ.வுக்கும் அதேதான், ஆனால் கழிக்கும் தொகையை டெக்கின் கொசைனால் வகுக்க வேண்டும். கையா தரும் ஆர்.ஏ. நகர்வில் அந்தக் கொசைன் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கிறது. இதை மறந்தால் கார்த்திகையில் பிழை 0.03 விகலைதான், கண்ணில் படாது. டெக் 80 பாகையில் கிட்டத்தட்ட ஆறு மடங்கு தவறிப்போகும்.

விசியர் என்ற வானியல் பட்டியல் தளத்திலிருந்து கையாவை இறக்கினால் இந்தக் கணக்கே வேண்டாம். 2016.0 நிலையோடு 2000-க்குக் கணக்கிட்ட நிலையும் தனி நெடுவரிசையாக அங்கே இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆண்டுக்கு 10 விகலைக்கு மேல் ஓடும் பர்னார்டு நட்சத்திரம் மாதிரி வேகக்காரர்களுக்கு மட்டும் "2000" என்ற பொதுக் கணக்கு போதாது; டூமாஸ் ஒவ்வொரு வரிக்கும் தரும் ஜூலியன் தேதியை எடுத்து நகர்த்துங்கள்.

அதே மாணவி: நகர்த்திய பிறகு சில வரிகளில் நிலையே காலியாக வருகிறது.

சுய நகர்வு இல்லாத வரிகள் அவை. டிஆர்3-இல் உள்ள 181 கோடி மூலங்களில் (பட்டியலில் உள்ள ஒளிப்புள்ளிகள்) சுமார் 34 கோடிக்கு இடம் மட்டும்தான் உண்டு. நகர்வும் இடமாறு தோற்றமும் கிடையாது. காலியோடு எதைக் கூட்டினாலும் காலிதான். நகர்வு காலியாக இருந்தால் பழைய நிலையையே எடுத்துக்கொள் என்று நிபந்தனை வையுங்கள். அந்த வரிகளுக்கு ஓர் அடையாள நெடுவரிசையும் வைத்துவிட்டால், பிறகு சந்தேகம் வரும்போது பிரித்துப் பார்க்கலாம்.

அம்பத்தூர் வாசகர்: எல்லையை எவ்வளவு வைக்க வேண்டும், மேடம்? 2 என்கிறார்கள், 5 என்கிறார்கள்.

யார் சொல்வதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; உங்கள் பட்டியலே சொல்லும். பால்வீதிப் பக்கம் ஒரு சதுரப் பாகைக்கு 50,000 மூலங்கள் இருப்பதாக வையுங்கள். ஒரு சதுரப் பாகை என்பது 1,29,60,000 சதுர விகலை. ஆக ஒரு சதுர விகலைக்கு 0.0039 மூலம். 1 விகலை எல்லை வைத்தால் சம்பந்தமில்லாத ஒன்று தற்செயலாக உள்ளே விழும் வாய்ப்பு 1.2 சதவீதம். 2 விகலைக்கு ஏறக்குறைய 5. 5 விகலைக்கு 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்று. எல்லையை இரட்டிப்பாக்கினால் குப்பை நாலு மடங்காகும்.

கணக்கோடு நிற்காமல் சோதித்தும் பாருங்கள். ஒரு பட்டியலின் டெக்கோடு 1 கலை (60 விகலை) கூட்டிவிட்டு, அதே எல்லையில் மறுபடி பொருத்துங்கள். இப்போது வருவது அத்தனையும் பொய் ஜோடி. நிஜப் பொருத்தத்தில் 9,000, நகர்த்திய பொருத்தத்தில் 450 என்றால் ஏறக்குறைய 5 சதவீதம் கலப்படம். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் எந்தப் பொருத்தத்தையும் யாரிடமும் காட்டாதீர்கள்.

ஆல்வைஸ் போன்ற அகச்சிவப்புப் பட்டியலின் கூர்மை 6 விகலை அளவுதான். அங்கே எல்லையைக் குறுக்குவது மட்டும் உதவாது. கையாவில் மிக மங்கலானவற்றை முதலிலேயே வடிகட்டுங்கள்.

வேளச்சேரி மாணவர்: "பெஸ்ட் மேட்ச், சிமெட்ரிக்" என்று இருக்கிறதே, அதையே விட்டுவிடலாமா?

பொதுவாக விடலாம், தம்பி. இரு பக்கமும் ஒன்றையொன்று மிக அருகில் என்று ஒப்புக்கொண்டால்தான் ஜோடி. இரட்டை நட்சத்திரங்களில்தான் சிக்கல்: 1.2 விகலை இடைவெளியில் உள்ள இரண்டைக் கையா தனித்தனியாகக் காட்டும், டூமாஸில் அவை ஒரே புள்ளி. சிமெட்ரிக் அந்தப் புள்ளியை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு மற்றதைத் தனியாக விட்டுவிடும். இருவரின் வெளிச்சமும் ஒருவர் கணக்கில் ஏறிவிடும். அதனால் ஒருமுறை "ஆல் மேட்சஸ்" வைத்து ஓட்டி, குரூப் சைஸ் 2 அல்லது அதற்கு மேல் உள்ளவற்றைத் தனியே எடுத்து, அலாதீன் என்ற வானப்பட மென்பொருளில் படத்தோடு வைத்துப் பாருங்கள்.

தாம்பரம் வாசகர்: மொட்டைமாடியில் டிஎஸ்எல்ஆர், 200 மி.மீ. லென்ஸ். மாறும் நட்சத்திரங்களை அளக்கிறேன். கையாவோடு பொருத்தினால் ஒவ்வொரு புள்ளிக்கும் 18-ஆம் மாக்னிட்யூட் நட்சத்திரம் வருகிறது.

மாக்னிட்யூட் என்பது பிரகாச எண், கூடக் கூட மங்கல். உங்கள் கேமராவால் 18-ஐப் பார்க்கவே முடியாது; ஆனால் மென்பொருளுக்கு அது தெரியாது, அருகில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். பிக்சல் 3.7 மைக்ரான் என்றால் 206.265 × 3.7 ÷ 200, அதாவது ஒரு பிக்சலுக்கு 3.8 விகலை. நெரிசலான பகுதியில் அந்த அகலத்துக்குள் வேறு கையா மூலமும் விழலாம். படத்தில் எட்டும் எல்லை 12 என்றால், கையாவை 13-க்கு மேல் வெட்டிவிட்டு, 4 விகலை எல்லையில் பொருத்துங்கள். பிறகு ஆர்.ஏ. வித்தியாசத்தை (கொசைன் பெருக்கி) டெக் வித்தியாசத்துக்கு எதிராகப் புள்ளி போடுங்கள். கூட்டம் நடுவில் குவிய வேண்டும். படத்தின் ஓரங்களில் மட்டும் விலகினால் லென்ஸ் வளைவு. பிளேட் சால்விங்கில் (படத்தின் புள்ளிகளை வான நிலைகளாக மாற்றும் கணக்கு) வளைவுத் திருத்தத்தின் வரிசையை உயர்த்துங்கள்.

அளவீட்டுக்கு முன் 2 பிக்சலுக்குள் வேறு யார் இருக்கிறார் என்றும் பாருங்கள். 5 மாக்னிட்யூட் மங்கல் என்றால் வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்கு, தொந்தரவு குறைவு. அந்த 5-க்கு 100 என்ற அளவுகோலை வகுத்த போக்சன்தான் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தை 1861 முதல் 1891 வரை நடத்தியவர்.

பெரம்பூர் வாசகர்: பொருத்தம் பூஜ்யம்!

ஒரு பட்டியலில் ஆர்.ஏ. மணிக்கணக்கில் இருக்கிறது. 15-ஆல் பெருக்குங்கள்.

அடையாறு வாசகி: எக்செல்லில் சேமித்துத் திறந்தால் கையா நட்சத்திர அடையாள எண்ணின் கடைசி நாலு இலக்கமும் பூஜ்யமாகிவிட்டது.

எண் 19 இலக்கம். எக்செல் 15 இலக்கம்தான் காக்கும். போனது போனதுதான், திரும்ப இறக்குங்கள். அந்த நெடுவரிசையை எழுத்தாக இறக்குமதி செய்யுங்கள், அல்லது ஃபிட்ஸ் என்ற வானியல் வடிவக் கோப்பாகவே வைத்திருங்கள். பைத்தான் பாண்டாஸிலும் ஒரு வரி காலியாக இருந்தால் முழு நெடுவரிசையும் தசம எண்ணாகி இதே சேதம் நடக்கும். ஃபிட்ஸுக்கு இன்னொரு லாபம்: டாப்கேட் அதை முழுதாக நினைவகத்தில் ஏற்றாமல் வட்டிலிருந்தே படிக்கும், 8 ஜிபி மடிக்கணினியிலும் பெரிய கோப்பு ஓடும். விசியர் வலைப்பக்கத்தில் இயல்பாக 50 வரிதான் வரும்; அந்த எல்லையை மாற்றாமல் இறக்கிவிட்டு "பட்டியல் இவ்வளவுதானா" என்று பலர் ஏமாறுகிறார்கள்.

நுங்கம்பாக்கம் வாசகர்: மதராஸ் வானாய்வகத்தில் இருந்த டி.ஜி. டெய்லரின் பழைய மதராஸ் கேட்டலாகை இன்றைய பட்டியலோடு பொருத்த முடியுமா?

முடியும், அருமையான வேலை. 1844-இல் வந்த அந்தப் பட்டியலில் 11,015 நட்சத்திரங்கள். நிலைகள் 1835-இன் அச்சுகளுக்கு. அச்சு ஆண்டுக்கு 50 விகலை வீதம் சுழல்வதால் 2000-க்குள் 2.3 பாகை விலகிவிட்டது. ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் நூலகத்தில் பழைய எஃப்கே4 நிலைச் சட்டகத்தை பி1835 சமநாளோடு அமைத்து ஜே2000-க்கு மாற்றுங்கள். ஜோடிக்குக் கையா வேண்டாம். மிகப் பிரகாசமானவை அதில் விடுபட்டிருக்கின்றன. 1,18,218 நட்சத்திரங்கள் கொண்ட ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் பட்டியல் பொருத்தம். அதன் எபோக் 1991.25, அதை 156 ஆண்டு பின்னோக்கி நகர்த்துங்கள். 61 சிக்னி என்ற வேக நட்சத்திரம் அந்த இடைவெளியில் 13 கலைக்கு மேல் ஓடியிருக்கிறது. நகர்த்தாவிட்டால் தேடிக் கிடைக்காது.

முதலில் 60 விகலை எல்லை வைத்து, ஹிஸ்டோகிராம் எங்கே வடிகிறதோ அங்கே குறுக்குங்கள். மாக்னிட்யூட் வித்தியாசம் 1.5-க்கு மேல் போனால் சந்தேகியுங்கள். ஜோடி கிடைக்காமல் மிஞ்சுபவற்றைத் தனியாக எடுத்து, ஆர்.ஏ.வில் ஒரு நிமிடம் கூட்டியும் குறைத்தும், டெக்கில் 10 கலை கூட்டியும் குறைத்தும், டெக்கின் குறியை மாற்றியும் மறுபடி ஓட்டுங்கள். அப்போது ஒட்டிக்கொள்பவை அச்சிலோ தட்டச்சிலோ ஓர் இலக்கம் தவறியவையாக இருக்கும். ஒவ்வொன்றையும் மூலப் பக்கத்தின் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.