விக்கிப்பீடியாவில் நான் எழுதியதை இன்னொரு பயனர் திரும்பத் திரும்ப மாற்றினால் என்ன செய்வது?

உங்கள் கேள்வியிலேயே கோபம் தெரிகிறது. ராத்திரி கண்விழித்து ஒரு பத்தி எழுதியிருப்பீர்கள். காலையில் பார்த்தால் அதைக் காணோம். யார் எதை மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் பெயர், காரணம் என்று ஒரு சொல்கூட இல்லை. அதுதானே? முதலில் திரும்ப மாற்றுவதை நிறுத்துங்கள். ஆங்கில விக்கியில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் மீளமைத்தால், அதாவது பிறர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கினால், தடை விழலாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அது செல்லாது. தமிழ் விக்கியிலும் இப்படி மாறி மாறி மாற்றும் தொகுப்புப் போரில் இறங்கியவர் பேச்சை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

நான் நிருவாகி இல்லை. பாளையங்கோட்டைக்காரன். எங்கள் பக்கத்து ஊர், குளம், கோயில் பற்றி நேரம் கிடைக்கும்போது எழுதுகிற சாதாரணப் பயனர். எனக்கு இந்தத் தகராறு வந்தது வாஞ்சிநாதன் விஷயத்தில்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டவர். 1886ல் செங்கோட்டையில் பிறந்தார் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. அந்தச் செங்கோட்டை எதில் இருந்தது என்பதில்தான் சண்டை. கட்டுரையின் ஓரத்தில் சுருக்க விவரம் தரும் தகவற்பெட்டியில் 'திருவிதாங்கூர் சமஸ்தானம்' என்று போட்டேன், இன்றைய கேரளத்தின் தென்பகுதியை ஆண்ட மன்னர் அரசு அது. ஒருவர் வந்து 'திருநெல்வேலி மாவட்டம்' என்று மாற்றினார். நான் மாற்ற, அவர் மாற்ற, நடுவில் கணக்கே இல்லாத ஒருவர் 'தென்காசி மாவட்டம்' என்று போட்டுவிட்டுப் போனார். கடைசியில் முதல் ஆள், பயனருக்குச் செய்தி எழுதும் என் பேச்சுப் பக்கத்துக்கே வந்து எழுதினார்: "நம்ம வீரனத் தூக்கிக் கேரளாக்காரன் கையில குடுக்கப் பாக்கீரே, நீரு எந்த ஊருவே?"

சுருக்கென்று தைத்தது. என் அம்மா பிறந்ததே செங்கோட்டைப் பக்கம். திருவிதாங்கூர்ச் சக்கரக் காசை முந்தியில் முடிந்துகொண்டு கடைக்குப் போன கதையை ஆச்சி எத்தனையோ தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். இருந்த ஊரை இருந்தபடி எழுதினால் அது எப்படி ஊருக்குச் செய்த துரோகமாகும்? ஆனால் ஆச்சி சொன்னாள் என்று விக்கியில் மேற்கோள் கொடுக்க முடியாது.

கட்டுரையைத் தொடாமல், அதைப் பற்றி விவாதிக்க இருக்கும் அதன் பேச்சுப் பக்கத்துக்குப் போனேன். 'அண்ணாச்சி' என்றுதான் ஆரம்பித்தேன். அவர் மூத்தவரா இளையவரா தெரியாது, எங்கள் பக்கம் அப்படிக் கூப்பிட்டால் பாதிக் கோபம் இறங்கிவிடும். மூன்று ஆதாரங்களை வைத்தேன். நாகமையா எழுதி 1906ல் வந்த திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல், செங்கோட்டையைச் சமஸ்தானத்துத் தாலுகாவாகச் சொல்கிறது. 1917ல் பேட் தொகுத்த மாவட்ட விவர நூலான திருநெல்வேலி கெசட்டியரில் அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரன்கோவில் எல்லாம் தாலுகாவாக இருக்கின்றன, செங்கோட்டை அந்த வரிசையில் கிடையாது. மூன்றாவது, 1956ஆம் வருஷத்து மாநிலச் சீரமைப்புச் சட்டம். அதன் 4ஆவது பிரிவு கொல்லம் மாவட்டத்துச் செங்கோட்டைத் தாலுகாவைச் சென்னை மாநிலத்துக்கு மாற்றி, திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்க்கிறது. அமலுக்கு வந்தது அந்த வருஷம் நவம்பர் 1. முன்னாலேயே நெல்லையில் இருந்த ஊரை எதற்குப் புதிதாகச் சேர்க்க வேண்டும்?

அவரும் சும்மா பேசவில்லை, ஒரு நூலைக் காட்டினார். அச்சான வருஷத்தைப் பார்த்தால் 1956க்குப் பிந்தியது, தென்காசி தனி மாவட்டமான 2019க்கு முந்தியது. "அண்ணாச்சி, நீங்க எந்த வருசத்து மாவட்டத்தச் சொல்லுதிய?" என்று கேட்டேன். பதிலே இல்லை. ஆனால் மறுபடி மாற்றவும் இல்லை. பிறகு அவரே வந்து, பெட்டியில் 'செங்கோட்டை, திருவிதாங்கூர் சமஸ்தானம் (இன்றைய தென்காசி மாவட்டம்)' என்று இருக்கட்டும், 1956ல் நெல்லையோடு சேர்ந்ததைக் கட்டுரைக்குள் மேற்கோளோடு எழுதலாம் என்றார். அந்த வாக்கியத்தை எழுதியதும் அவர்தான். மணியாச்சிக்கும் அதே வழியைப் பிடித்தோம்: சுட்ட அன்று அது திருநெல்வேலி மாவட்டம், 1986ல் பிரித்தபோது தூத்துக்குடிப் பக்கம் போனது.

உடனே சிலர் கிளம்புவார்கள், ஆஷ் கொலைக்குக் காரணம் என்ன என்று ஏன் எழுதவில்லை என்று. அது வேறு வழக்கு. ஊர், தேதி பற்றிய தகராறு ஆவணத்தில் தீரும். கருத்துத் தகராறு அப்படித் தீராது. யார் எந்த நூலில் என்ன சொன்னார் என்று பெயர் போட்டு இரு பக்கத்தையும் எழுத வேண்டும், தீர்ப்பு நாம் சொல்லக் கூடாது. விக்கியின் நடுநிலைக் கொள்கை அதுதான்.

மாவட்டம் என்று பேச்செடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி மகளுக்கு ஒரு சான்றிதழ் வாங்கப் போனோம். பிறப்புச் சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம், ரேஷன் கார்டில் தென்காசி மாவட்டம். தெரு அதே தெரு, வீடு அதே வீடு. "ரெண்டும் ஒரே ஊருன்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அரசாங்கமே பிரித்துவிட்டு, அதற்கு அத்தாட்சியை நம்மிடம் கேட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? பிள்ளை வெயிலில் நின்றதுதான் மிச்சம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் நீங்கள் எழுதியதையும் அதற்கான நூலின் பக்க எண்ணையும் போடுங்கள். எதிராளி யார், என்ன சாதி, எந்தக் கட்சி என்று ஒரு சொல் வேண்டாம். சில நாள் பொறுங்கள். பதில் வராவிட்டால் அந்தத் துறையில் எழுதும் மூன்றாவது பயனர் ஒருவரைக் கூப்பிடுங்கள், அதற்கும் மசியாவிட்டால் தமிழ் விக்கியின் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடியில் வையுங்கள். ஆள் திரட்டிக்கொண்டு போகாதீர்கள், அங்கே தலையை எண்ணி முடிவெடுப்பதில்லை, வாதத்தைத்தான் பார்ப்பார்கள். எந்தக் கட்டுரை என்று நீங்கள் சொல்லவில்லை. நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து விஷயம் என்றால் ஊரையும் வருஷத்தையும் எழுதுங்கள், என்னிடம் இருக்கும் கெசட்டியர்களில் பார்த்துச் சொல்கிறேன்.