புத்தாண்டு வாக்குத்தத்தம்: வேலை போனவருக்கு என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனைக்கு என்னைப் பிரசங்கிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாக்குத்தத்த வசனம் (புது வருஷத்துக்கென்று சபைக்குக் கொடுக்கும் வேத வசனம்) எரேமியா 29:11: 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' இந்த வருஷம் வேலை போன நாலைந்து பேர் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது? (ஒரு இளம் உபதேசியார்)

பதில்: முதலில் அந்த வசன அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, எரேமியா 27 முதல் 29 வரை ஒரே மூச்சில் சத்தமாகப் படியுங்கள். 11ஆம் வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி, 'இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பிவிடுவார்கள்' என்று சொல்லி, பாபிலோனுக்கு அடிமைப்படுவதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். கடிதமோ 10ஆம் வசனத்தில் 70 வருஷம் என்கிறது. கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை என்று அர்த்தம். 10ஆம் வசனத்தை விட்டுவிட்டு 11ஐ மட்டும் எடுத்தால், நீங்கள் பிரசங்கிப்பது அனனியாவின் செய்தி. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் 'இந்த வருஷம் வேலை நிச்சயம்' என்று முழங்கிவிட்டு, அடுத்த டிசம்பரில் ஒரு தம்பியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

இன்னொன்று, 'உங்கள்பேரில்' என்ற வார்த்தை. நம் பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர் ஒரே ஆளிடம் பேசினால் 'நீ, உன்' தான், ஆகவே இது மரியாதைப் பன்மை இல்லை, மொத்தக் கூட்டத்துக்கும் சொன்னது. 'எதிர்பார்த்திருக்கும் முடிவு' என்பதையும் நான் கேட்டது கிடைக்கும் என்றுதான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எபிரெயத்தில் இருப்பது எதிர்காலம், நம்பிக்கை என்ற இரண்டு சொற்கள்.

சரி, இன்றைக்கு என்ன? பதில் 5 முதல் 7 வசனங்களில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். துபாயில் மகனை வைத்திருக்கும் அம்மாவுக்கு இது உடனே புரியும். வேலை போனவருக்கு மட்டும், காத்திருக்கும் நாட்களில் அவர் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்குச் சபை என்ன செய்யப்போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை டிசம்பர் 31க்கு முன்பே கமிட்டியில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் 15 நிமிஷம் போதும். நள்ளிரவு ஆராதனையில் பாதிப் பிள்ளைகள் பாயிலேயே தூங்கியிருக்கும்.