21 கியர் இருக்கட்டும், பல்லை எண்ணுங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது, எடை 84 கிலோ. வீடு புளியரை, வேலை செங்கோட்டை. கல்லூரி முடித்த பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. காலையில் கோட்டைவாசல் வரை ஏறி இறங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை குண்டாறு அணைப் பக்கம் மண்பாதையில் சுற்ற வேண்டும் என்று ஆசை. கையில் 15,000 ரூபாய். கடையில் ஒரு மவுண்டன் பைக் காட்டினார்கள்: முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன், 21 கியர், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 14,500 ரூபாய். வாங்கலாமா அண்ணாச்சி?

பதில்: வாங்காதீர்கள். நானும் மறுபடி சைக்கிள் ஆரம்பித்த புதிதில் இதே மாதிரி ஒன்றை வாங்கினேன். நீல நிறம், நிறுத்தி வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். புளியரை ஏற்றத்து எஸ் வளைவில் முதல் திருப்பம் தாண்டவில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன், பின்னாலிருந்து வந்த வைக்கோல் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி என் காதோரம் வைக்கோலை உரசிக்கொண்டு போனது இன்னும் மறக்கவில்லை. வண்டி எடை 18 கிலோ. அதுகூடப் பரவாயில்லை, ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்க ஸ்பிரிங் அமுங்கி எழும், கால் கொடுக்கும் பலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். நல்ல பின் சஸ்பென்ஷன் என்பது தனியாக, அதுவும் எக்கச்சக்க விலையில் வருகிற சமாச்சாரம். 14,500 ரூபாய் வண்டியில் இருப்பது வெறும் ஸ்பிரிங். அதற்குப் போன காசு பிரேக்கிலும் கியரிலும் சக்கரத்திலும் குறைந்திருக்கும், வேறெங்கே குறைப்பார்கள்?

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, அதாவது ஃபோர்க், அதுவும் ஏறக்குறைய இதே கதைதான். கடையில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை உடம்பு பாரத்தோடு ஓர் அழுத்து அழுத்திவிட்டு விடுங்கள். உண்டிவில் மாதிரி டங்கென்று திரும்பி வந்தால் உள்ளே ஸ்பிரிங் மட்டும் இருக்கிறது, அடக்குவதற்கு ஒன்றும் இல்லை. குண்டாறு மண்பாதைக்கு அதுவும் அவசியமில்லை. ஃபோர்க்கே ஆடாத, 2 இஞ்ச் அகல டயர் போட்ட வண்டியில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போனால் அந்தப் பாதையைத் தாராளமாகச் சமாளிக்கலாம். எவ்வளவு குறைக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும், அந்தக் கீழ் எல்லைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், உங்கள் எடைக்கு ரிம் தரையில் அடித்து டியூப் கிழியும்.

இப்போது கியர். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். 21 என்பது முன்னால் 3, பின்னால் 7, பெருக்கினால் வருகிற கணக்கு. ஏற்றத்துக்கு அந்த எண் உதவாது. குனிந்து முன்பக்கம் இருப்பதிலேயே சின்னச் சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள், பின்பக்கம் இருப்பதிலேயே பெரியதையும் எண்ணுங்கள். விரலில் கிரீஸ் ஒட்டும், ஒட்டட்டும். முன்னால் 28, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது 29 இஞ்ச் சக்கரத்தில் சுமார் 2.3 மீட்டர் ஏற வேண்டும். முன்னால் 24, பின்னால் 34 என்று கிடைத்தால் அதே சுற்றுக்கு 1.6 மீட்டர்தான். உங்கள் வயதுக்கும் எடைக்கும் புளியரை ஏற்றத்தில் மூட்டு வலிக்காமல் இருக்க வேண்டுமென்றால் முன்பல் பின்பல்லைவிடக் குறைவாக இருந்தே ஆக வேண்டும். கடைக்காரர் 'இதெல்லாம் யாரும் எண்ணுறதில்லை சார்' என்பார். சரி, நீங்கள் எண்ணுங்கள்.

84 கிலோ என்றீர்கள், அதனால் இன்னொன்றும் கேளுங்கள்: பின்சக்கரத்தில் இருப்பது ஃப்ரீவீலா, கேசட்டா? மலிவு வண்டிகளில் ஃப்ரீவீல்தான், பல்சக்கர அடுக்கை மரையில் திருகுகிற பழைய முறை. கேசட் என்பது அதே அடுக்கைச் செருகி மாட்டுகிற புது முறை. ஃப்ரீவீலில் வலதுபக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சுக்கம்பியின் ஒரு பகுதி தாங்கல் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கனமான ஆள் குழியில் இறக்கினால் வளையும், சில நேரம் ஒடியும். கேசட் வைத்த வண்டி உங்கள் பணத்துக்குப் புதிதாகக் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் நான் செகண்ட் ஹேண்ட் பார்க்கச் சொல்கிறேன். 2020 ஊரடங்கின்போது ஆசையாக வாங்கியதில் எத்தனையோ சைக்கிள் இன்று மொட்டைமாடியில் துண்டு காயப்போடத்தான் பயன்படுகிறது. கொஞ்சம் விசாரித்தால் போதும்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது பையன் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து இழுத்துப் பிடித்தால் புதுச் செயினில் சரியாக 12 இஞ்சில் இன்னொரு பின்னின் நடு வரும். அரைக்கால் இஞ்ச் தள்ளி வந்தால் செயின் தேய்ந்துவிட்டது, அதோடு பின்பல்லும் போயிருக்கும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். அப்புறம் கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையை, பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள், முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், லொடலொட என்றால் பேரிங் வேலை இருக்கிறது. ஹேண்டிலுக்குக் கீழே பிரேமில் பற்ற வைத்த இடத்தில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருந்தால் பேரமே வேண்டாம், வந்துவிடுங்கள்.

புதிதுதான் வேண்டும் என்றால்: முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், முடிந்தால் அதுவும் இல்லாதது, கேபிள் இழுக்கிற டிஸ்க் பிரேக், நான் சொன்ன பல் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, பழைய விலைச்சீட்டைக் காட்டினால் ஞாபகப்படுத்துங்கள். 15,000-ஐயும் வண்டியிலேயே கொட்டிவிடாமல் ஹெல்மெட், பின்விளக்கு, காற்றடிக்கிற பம்புக்கு 2,000 ஒதுக்குங்கள். அந்த ரோட்டில் விடியற்காலை லாரிகள் எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாரல் காலத்தில் கணவாய்க் காற்று முகத்தில் அறையும், ஏற்றமும் எதிர்காற்றும் சேர்ந்தே வரும். பயப்படாதீர்கள், திரும்பும்போது இரண்டும் உங்கள் பக்கம். முதல் மாதம் கோட்டைவாசலை மறந்துவிட்டு செங்கோட்டை வரை சமதளத்தில் போய்வாருங்கள். ஒருநாள் ஆரியங்காவு வரை போய் டீ குடிக்கும்போது, 'சைக்கிள் சவிட்டியா வந்நது?' என்று கடைச் சேட்டன் கேட்பார், அந்தச் சுகம் தனி.

கேள்வி: கம்பத்தில் இருக்கிறேன். வைத்திருப்பது ஆயில் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிள். குமுளி மலை இறங்கும்போது பிரேக் பிடி மெத்தென்று உள்ளே போகிறது. எங்கள் டூவீலர் மெக்கானிக் ஆயில் ஊற்றித் தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா?

பதில்: எந்த ஆயில் என்று கேட்டுவிட்டு. மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவது டாட் 3 அல்லது டாட் 4 என்கிற வகை பிரேக் ஆயில். ஷிமானோ, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிப்போய் மொத்த பிரேக்கையும் மாற்ற வேண்டி வரும், அதுவும் வீட்டு வாசலில் தெரியாது, மலை இறங்கும்போதுதான் தெரியும். சில பிராண்டுகள் டாட்தான் கேட்கும், பிடியின் மூடியிலேயே எழுதியிருக்கும், பாருங்கள். நல்ல மெக்கானிக்தான், கையில் சரியான ஆயில் இல்லை, அவ்வளவுதான். பாட்டிலை நீங்கள் வாங்கிக் கொடுங்கள். அதுவரை மலை இறங்க வேண்டாம்.

கேள்வி: களியக்காவிளை. என் உயரம் 5 அடி. ஆன்லைனில் 29 இஞ்ச் சைக்கிள் தள்ளுபடியில் இருக்கிறது. பெட்டியில் வருவதை நாமே பூட்டிக்கொள்ளலாமாம். 20 வருஷம் கழித்து ஓட்டப்போகிறேன்.

பதில்: தள்ளுபடிக்காக உயரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பிரேம் கம்பிக்கு மேலே இரண்டு காலும் தரையில் பதிய நின்றால் நடுவில் குறைந்தது 2 இஞ்ச் இடைவெளி வேண்டும். உங்களுக்குப் பெரும்பாலும் 26 அல்லது 27.5 இஞ்ச் சக்கரமும் சின்ன பிரேமும் பொருந்தும். லேடீஸ் என்று எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை.

பெட்டி வண்டியை வீட்டில் பூட்டுவதென்றால் இரண்டே இடம்தான் ஆபத்து. ஒன்று, முன் ஃபோர்க்கைத் திருப்பிப் போட்டுவிடுவது. டிஸ்க் பிரேக் உங்களுக்கு வலதுபக்கம் வந்தால் ஃபோர்க் பின்முன்னாக இருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, இடது பெடலின் மரை தலைகீழ், அதை இடப்பக்கமாகத் திருகினால்தான் இறுகும். எல், ஆர் எழுத்துகளை அச்சில் பார்த்து, முதல் நாலைந்து சுற்று கையாலேயே போடுங்கள். ஸ்பேனரால் எடுத்தவுடன் முறுக்கினால் கிராங்கின் மரை அப்படியே வழித்துக்கொண்டு வரும்.