மகனின் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இனியும் தேவையா?

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

மகனின் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டது, பிரித்தானியக் கடவுச்சீட்டு கையில் இருக்கும்போது அதைப் புதுப்பிக்கத்தான் வேண்டுமா, இரண்டு நாட்டுக் குடியுரிமை அவருடைய உதைபந்தாட்ட எதிர்காலத்துக்கு இடைஞ்சலாகுமா என்று கேட்டிருந்தீர்கள். புதுப்பித்துவிடுங்கள், 16 வயதில் இருக்கும் அவருக்கு அதைப் பிற்போடாமல் இந்தக் கோடை விடுமுறைக்குள்ளேயே செய்துவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

நீங்கள் பாரிசின் லாச்சப்பலை விட்டு இலண்டனுக்குக் குடிபெயர்ந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திராது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை இரண்டு கடவுச்சீட்டுகளும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்தன. 2020 டிசம்பர் 31ஆம் திகதியுடன் அந்த நிலை மாறிவிட்டது. இன்று பிரித்தானியக் கடவுச்சீட்டை மட்டும் வைத்திருக்கும் ஒரு வீரர் பிரான்சிலோ ஜேர்மனியிலோ ஒரு கழகத்தில் சேர வேண்டுமானால், அந்தக் கழகம் அவருக்கு வேலை அனுமதியும் விசாவும் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவருக்கு இவை எதுவும் தேவையில்லை.

பெற்றோர் பலர் இதைப் பெரிய நட்சத்திரங்களின் விடயமாகவே நினைக்கிறார்கள். ஸ்பெயினின் முதல்தரப் போட்டிகளில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரர்களுக்கு ஓர் அணியில் மூன்று இடங்கள்தான் உண்டு என்பதும், பிரேசிலைச் சேர்ந்த வினீசியஸ் 2022இல் ஸ்பானியக் குடியுரிமை பெற்றபோது ரியல் மட்ரிட்டுக்கு அவற்றில் ஓரிடம் மிச்சமானது என்பதும் செய்திகளில் வந்தவை. ஆனால் வினீசியஸ் போன்ற ஒருவருக்காக எந்தக் கழகமும் எவ்வளவு சிரமத்தையும் ஏற்கும். கடவுச்சீட்டு உண்மையில் கைகொடுப்பது இரண்டாம், மூன்றாம் தரக் கழகங்களில் இடம் தேடும் சாதாரண இளைஞருக்குத்தான். நெதர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரருக்கு, அவர் 20 வயதை எட்டியவரானால், முதல்தரப் பிரிவின் சராசரிச் சம்பளத்தில் 150 சதவீதமாவது கொடுக்க வேண்டும்; 18, 19 வயதினருக்கு அது 75 சதவீதம். ஒரே திறமையுள்ள இரண்டு இளைஞர்கள் முன்னே நிற்கும்போது, நடுத்தர வருமானமுள்ள ஒரு கழகம் யாரைத் தெரிவு செய்யும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

வயது பற்றி நான் அவசரப்படுத்துவதற்கும் காரணம் உண்டு. 18 வயதுக்கு உட்பட்ட வீரர் வேறொரு நாட்டின் கழகத்துக்கு மாறுவதை ஃபிஃபா பொதுவாகத் தடை செய்கிறது. ஒன்றியத்துக்குள் 16 வயதிலிருந்து மாறலாம் என்ற விதிவிலக்கு உண்டு. பிரித்தானியா வெளியேறியபின் அது இலண்டன் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது. ஆயினும், ஆர்ஜென்டினாவில் பிறந்து இத்தாலியக் குடியுரிமையும் கொண்டிருந்த வாலன்டின் வாடாவை பிரான்சின் போர்தோ கழகம் சேர்த்துக்கொள்ள முயன்ற வழக்கில், ஒன்றியத்தின் கடவுச்சீட்டு உள்ளவர் வெளியிலிருந்து வந்தாலும் இந்த விதிவிலக்கைப் பயன்படுத்தலாம் என்று விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இதற்குக் கழகம்தான் ஃபிஃபாவிடம் விண்ணப்பிக்க வேண்டும். செல்லுபடியாகும் கடவுச்சீட்டு கையில் இல்லாத பிள்ளைக்காக எந்தக் கழகமும் அந்த வேலையில் இறங்காது.

இரண்டு கடவுச்சீட்டு வைத்திருப்பது சட்டவிரோதம் என்று அயலவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த அவர் சொன்னது அவருடைய நாட்டுக்குச் சரி. இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை; வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது; அதை வைத்துக்கொண்டு இந்திய அணியில் விளையாடவும் முடியாது. ஜப்பானில் பிறந்த அராட்டா இசுமி இந்தியாவுக்கு விளையாடுவதற்காக ஜப்பானியக் குடியுரிமையையே கைவிட்டார். பிரித்தானியாவும் பிரான்சும் அப்படியல்ல. இராணுவத்தை நினைத்தும் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை: பிரான்சில் இன்று கட்டாய இராணுவ சேவை நடைமுறையில் இல்லை. ஆனாலும் 16 வயதான பிரெஞ்சுக் குடிமக்கள் தேசிய சேவைக்கான கணக்கெடுப்பில் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கடவுச்சீட்டுக்காக இலண்டன் சவுத் கென்சிங்டனிலுள்ள பிரெஞ்சுத் துணைத்தூதரகத்துக்குப் போகும்போது அதையும் முடித்துக்கொள்ளலாம்.

தேசிய அணி பற்றிய உங்கள் கணவரின் கவலையில் நியாயம் இருக்கிறது. கடவுச்சீட்டு எவரையும் ஒரு நாட்டோடு கட்டிப்போடுவதில்லை. மைதானத்தில் இறங்கும் அதிகாரபூர்வ ஆட்டந்தான் கட்டிப்போடும். முனீர் எல் ஹத்தாதி 2014இல் ஸ்பெயினுக்காகச் சில நிமிடங்கள் மட்டும் விளையாடினார். அதனால் 2018 உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவுக்கு விளையாடும் வாய்ப்பை இழந்தார். 2020இல் ஃபிஃபா விதியைத் தளர்த்திய பிறகே அவருக்கு வழி திறந்தது. இப்போது 21 வயதுக்கு முன் மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர், அவை உலகக் கிண்ண அல்லது கண்டக் கிண்ண இறுதிச் சுற்று ஆட்டங்களாக இல்லாவிட்டால், மூன்று ஆண்டுகள் கழித்து மாறலாம். ஆனால் முதல் நாட்டுக்காக முதன்முதலில் ஆடியபோதே இரண்டாவது நாட்டின் குடியுரிமையும் அவரிடம் இருந்திருக்க வேண்டும்.

இந்த நிபந்தனை இலங்கைக்கும் பொருந்தும். இலண்டனில் பிறந்த டிலன் டி சில்வா, பேர்லினில் பிறந்த வசீம் ராசிக் ஆகியோர் இலங்கை அணிக்கு ஆடியிருக்கிறார்கள். வேல்ஸில் பிறந்து பார்ன்ஸ்லி கழகத்தில் ஆடும் விமல் யோகநாதன் வேல்ஸின் இளையோர் அணிகளில் ஆடியவர். மகனுக்கு இலங்கை அணியில் எப்போதாவது விருப்பம் வரலாம் என்றால், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றபோது நீங்கள் இழந்த இலங்கைக் குடியுரிமையை, இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து முதலில் நீங்களே மீட்டெடுக்க வேண்டியிருக்கும். அதற்கு அவசரமில்லை, இங்கே இளையோர் அணி ஒன்றிலிருந்து அழைப்பு வருமானால் அப்போது அவசரம்.

பத்திரங்களில் கவனமாக இருங்கள். நம்மவரிடம் தகப்பனின் பெயரே பிள்ளையின் குடும்பப் பெயராகிவிடுவதால், ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் இருக்கும். பாரிசில் ஓர் எழுத்துக்கூட்டலும் இலண்டனில் வேறோர் எழுத்துக்கூட்டலும் பதிவாகியிருக்கும். மகனின் இரண்டு கடவுச்சீட்டிலும், கழகப் பதிவிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டன் பாட்டியின் பிறப்புச் சான்றிதழை ‘ஏற்பாடு செய்து’ வேறொரு நாட்டுக் குடியுரிமை வாங்கித் தருவதாக எந்த முகவராவது சொன்னால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள். 2025 செப்டம்பரில் மலேசிய அணியின் ஏழு வீரர்களுக்கு ஃபிஃபா 12 மாதத் தடை விதித்தது இப்படிப்பட்ட பத்திரங்களால்தான்.

பயிற்சிக்கழகங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தொழில்முறை வீரராவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். உதைபந்தாட்டம் கைகூடாவிட்டாலும், பிரான்சின் அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்கு ஒன்றியக் குடிமக்கள் செலுத்தும் ஆண்டுக் கட்டணம் 200 யூரோவுக்கும் குறைவு. வெளியிலிருந்து வருபவர்களுக்கு அது 2,800 யூரோவுக்கும் மேல். எனவே மகனின் பாடத் தெரிவில் பிரெஞ்சு மொழியை விட்டுவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.