ஆள் வருகிறது, தங்க மாட்டேன் என்கிறது!

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். பார்க்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை ஏஜென்ட் மூலம் 40, எங்கள் தொழிலாளர்களே கூட்டிவந்து 20 என 60 டெய்லர்கள் சேர்ந்தார்கள். 90 நாள் தாண்டியவர்கள் முறையே 10, 14 பேர்தான். ஏஜென்ட்டுக்குத் தலைக்கு ரூ.2,000, கூட்டிவந்தவருக்கு ரூ.1,500 கொடுக்கிறோம். முதலாளியோ, ‘இன்னும் வேகமா ஆள் எடு’ என்கிறார். எந்தக் கணக்கைக் காட்டி அவரிடம் பேசுவது?

பதில்: அந்தக் கணக்கு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஏஜென்ட்டுக்குப் போனது ரூ.80,000, தங்கியது 10 பேர். ஆக, தங்கிய ஒரு டெய்லருக்கு ரூ.8,000. உங்கள் ஆட்கள் கூட்டிவந்த வகையில் ரூ.30,000, தங்கியது 14 பேர், ஒருவருக்கு ரூ.2,143. தலைக்கு 500 ரூபாய் வித்தியாசம் என்று தெரிவது, உண்மையில் கிட்டத்தட்ட நாலு மடங்கு. இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதி முதலாளியிடம் கொடுங்கள்.

இதை மாதாமாதம் போட ஒரு எக்ஸெல் தாள் போதும்: சேர்ந்த தேதி, யார் மூலம், எந்த மெஷின் (ஓவர்லாக், பிளாட்லாக்), எந்த லைன், வேலையை விட்டு நின்ற தேதி. சேர்ந்த தேதியிலிருந்து இன்னும் 90 நாளே ஆகாத புது ஆட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். போன வாரம் வந்தவரையும் ‘தங்கியவர்’ என்று எண்ணினால் சதவீதம் பொய்யாக ஏறும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ஊருக்குப் போய்த் திரும்பியவர் புது ஆளாகப் பதிவாகிவிடாமல் பி.எஃப். யு.ஏ.என். எண்ணை (கம்பெனி மாறினாலும் மாறாத எண்) வைத்துச் சரிபாருங்கள். தீபாவளி, பொங்கல் மாதங்களைப் போன வருடத்து அதே பண்டிகை மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பீகார் ஆட்கள் அதிகம் என்றால் தீபாவளியை ஒட்டி வரும் சத் பூஜைக்கும் அப்படியே.

அடுத்து, எந்த நாளில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். முதல் வாரத்திலேயே போனால், ஏஜென்ட் சொன்ன சம்பளமும் ரூமும் வேறு, இங்கே கண்டது வேறு என்று சந்தேகப்படுங்கள். முதல் சம்பளம் வாங்கியதும் போனால், பீஸ் ரேட்டையும் அட்வான்ஸ் பிடித்தத்தையும் பாருங்கள். இரண்டாம் மாதத்தில், அதுவும் ஒரே லைனில் நிறையப் பேர் என்றால் சூப்பர்வைசரைக் கவனிக்க வேண்டும். ஆனால், ஒரு லைனில் சேர்ந்ததே 8 பேர் என்றால் ஒருவர் போனாலே 12.5 சதவீதம், மூன்று மாதத்தைச் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வேகத்தையும் அளக்கலாம், தப்பில்லை. சூப்பர்வைசர் ஆள் கேட்ட நாளிலிருந்து புது ஆள் மெஷினில் உட்காரும் நாள்வரை எண்ணுங்கள். ஆனால், அதை மட்டும் விரட்டினால், சேர்க்கும் முன் பீஸ் தைக்கக் கொடுத்துப் பார்ப்பது முதலில் நின்றுபோகும்.

ஏஜென்ட் கமிஷனில் பாதியைச் சேரும் நாளிலும் மீதியை 90ஆம் நாளிலும் கொடுங்கள். ஆனால், ஆள் ஓடிவிடக்கூடாது என்று தொழிலாளியின் சம்பளத்தையோ ஆதாரையோ பிடித்துவைப்பது வேண்டவே வேண்டாம். அது சட்டப்படியும் தவறு, மனுஷத்தனமும் இல்லை. நின்ற காரணத்தை, கணக்கு முடிக்கும் நாளில் கேட்டால் ‘ஊர்ல வேலை’ என்றுதான் பதில் வரும். இரண்டு வாரம் கழித்து, லைனுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை விட்டு, அவரவர் பாஷையில் போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.