பிரேக் ஆயிலை டாப் அப் செய்தால் போதாதா? வீட்டிலேயே முழுதாக மாற்ற முடியுமா?

கேள்வி: நான்கு வருடமான சின்ன கார். பிரேக் ஆயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, டாப் அப் போதும் என்கிறார்கள். முழுதாக மாற்ற வேண்டுமா? வீட்டில் செய்யலாமா?

டாப் அப் போதாது. வீட்டில் செய்யலாம், ஆனால் பெடலை மிதிக்க இன்னொரு ஆள் வேண்டும். முதல் தடவை என்றால் அரை நாள் ஒதுக்கிவிடுங்கள்.

ஆயில் என்று பெயர்தானே தவிர இது எண்ணெய் இல்லை, கிளைக்கால் (glycol) வகைத் திரவம். ஈரத்தை இழுக்கும், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகக்கூட. டாட் 4 (DOT 4, பிரேக் ஆயில் தரங்களில் ஒன்று) புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155தான். டாட் 3க்கு இதே கணக்கு 205, 140. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே கியரில் இறங்காமல் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் காலிப்பருக்குள் (சக்கரத்தில் டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கும் பாகம்) ஆயில் கொதித்து ஆவியாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இறக்கத்தின் நடுவே ஓரம் கட்டி டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போதும் இப்படி ஆகலாம், ஏனென்றால் ஓட்டக் காற்று நின்றதும் டிஸ்க்கின் சூடு காலிப்பருக்குள் ஏறும்.

இன்ஜின் ஆயில் போல இது சுற்றி வருவதில்லை. பானட்டுக்கு அடியிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றிய புது ஆயில் பெரும்பாலும் டப்பாவிலேயே நிற்கும். சூடு படும் காலிப்பரில் நான்கு வருடப் பழையதுதான் இருக்கும். இன்னொன்று, அளவு மெதுவாகக் குறைவது பெரும்பாலும் பேட் தேய்ந்ததற்கான அடையாளம். டாப் அப் செய்தால் அந்த எச்சரிக்கை மறைந்துவிடும், புது பேட் போடும் அன்று டப்பா வழிந்து பெயிண்டைத் தின்னும். ஆகவே முதலில் பேட், பிறகு கசிவு, அதற்கப்புறம்தான் ஆயில்.

எந்த டாட் என்பது டப்பா மூடியிலேயே இருக்கும். டாட் 3 கேட்கும் வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கோன், 5.1 வேறு, அது கிளைக்கால்தான். சீல் உடைக்காத 1 லிட்டர், நிப்பிளுக்கு (ஒவ்வொரு சக்கரத்திலும் பழைய ஆயிலை வெளியே விடும் திருகு) ஏற்ற ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ.), நிப்பிளில் இறுக்கமாக உட்காரும் மீன்தொட்டிக் குழாய், காலி பாட்டில், சிரிஞ்ச், ஜாக் ஸ்டாண்ட், ஒரு மரக்கட்டை. வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

மரக்கட்டை பெடலுக்கு அடியில் வைக்க. அன்றாட ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) பிஸ்டன் கொஞ்ச தூரம்தான் போய் வரும். அதற்கு அப்பால் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். பெடலைத் தரை வரை மிதித்தால் ரப்பர் கப் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். “ஆயில் மாற்றினேன், மறுநாள் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது” என்று புலம்புபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

நிப்பிள்களில் முந்தின நாளே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து, அன்று நான்கும் அசைகின்றனவா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். அசையாததை முரட்டுத்தனமாகத் திருகினால் காலிப்பருக்குள்ளேயே முறியும்; அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இன்ஜின் ஆஃப். டப்பாவிலுள்ள கறுத்த ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சுங்கள், ஆனால் அடியிலுள்ள துவாரங்கள் வெளியே தெரியக் கூடாது. மேக்ஸ் வரை புது ஆயில் ஊற்றுங்கள். நம்மூர் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமானது பின் இடது. அங்கே தொடங்கி பின் வலது, முன் இடது, முன் வலது. கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதுவே சரி.

குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்து “பிடிச்சிருக்கேன்” என்று சொல்ல, நீங்கள் கால் சுற்று திறக்க, பெடல் கட்டை வரை இறங்கும். நீங்கள் மூடி “விடு” என்று சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். மொத்த வேலையின் சூட்சுமம் இது ஒன்றே. திறந்திருக்கும்போது காலை எடுத்தால் நிப்பிள் வழியாகக் காற்று உள்ளே போகும். புதிய நிறம் வரும்வரை, தூரமான சக்கரத்துக்கு 200 மி.லி., மற்றவற்றுக்கு 100 முதல் 150 மி.லி. பிடிக்கலாம். ஐந்தாறு மிதிக்கு ஒரு முறை டப்பாவைப் பாருங்கள்.

டப்பா வறண்டு காற்று போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அது இன்னும் தலைவலி. காற்று அந்த யூனிட்டுக்குள் சிக்கினால் பம்பை ஓடவைக்க ஸ்கேனர் வேண்டியிருக்கும். காற்று போகாதவரை ஏபிஎஸ் வண்டியிலும் இதே முறை போதும்.

நிப்பிளை அளவாக இறுக்குங்கள், பலத்தைக் காட்ட வேண்டிய இடமில்லை இது. சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பேட், டிஸ்க் மீது படவே கூடாது. இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் இறங்குவது இயல்பு, அது மிதிக்கு உதவும் பூஸ்டரின் வேலை. தொடர்ந்து மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் கசிவு அல்லது கப் பழுது. பஞ்சு போல அமுங்கினால் காற்று. இரண்டில் எது இருந்தாலும் வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள். சரியாக இருந்தால் முதலில் தெருவிலேயே நடை வேகத்தில் நிறுத்திப் பாருங்கள்.

பாட்டிலில் மீந்ததை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்காதீர்கள், திறந்த நாளிலிருந்து அதுவும் ஈரம் குடிக்கிறது. அடுத்த முறை இரண்டு வருடம் கழித்து, கையேடு வேறு கெடு சொல்லாவிட்டால். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடிய பாட்டிலில் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.